ஒரு மணித்தியாலத் தூரம்

பலாலி விமான நிலையத்துக்கும் திருச்சிராப்பள்ளி விமான நிலையத்துக்கும் இடையே தேசப்படத்தில் ஒரு நேர்கோடு இழுத்தால், அதன் நீளம் ஏறத்தாழ 185 கிலோமீற்றர். பாக்கு நீரிணையின் மீதாக அத்தூரத்தைக் கடப்பதற்கு, எழுபது எண்பது பேரை ஏற்றும் சிறியதொரு விமானத்துக்கு ஒரு மணித்தியாலம் போதும். 2025 ஆம் ஆண்டு மார்ச் 30 ஆம் திகதி இவ்விரு நிலையங்களையும் இணைத்து இண்டிகோ நிறுவனம் தனது சேவையைத் தொடங்கிற்று. அச்செய்தியைக் கேகாலையில் நமது பாடசாலையின் ஆசிரியர் அறையில் இருந்து வாசித்தோம். அந்த வார இறுதியில் எட்டியாந்தோட்டைக்கு அப்பால் நாம் பிறந்த தோட்டத்துக்குப் போயிருந்தபோது, பெரியம்மாவிடம் அதைச் சொன்னோம்.

“ஒரு மணித்தியாலமா? பொய் சொல்லாத தம்பி. டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்கிக்கிட்டு வரவே எனக்கு அரை நாள் போகுது” என்றார் அவர்.

பெரியம்மா நமக்கு இரத்த உறவினர் அல்லர். ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராக்களில் இரு குடும்பங்களும் வாழ்ந்தன. நம்மைத் தூக்கி வளர்த்தவர்களுள் அவரும் ஒருவர். வயது எழுபத்துநாலு. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் றப்பர் மரத்தில் பால் வெட்டியும் கொழுந்து பறித்தும் ஓய்வு பெற்றவர். அவருடைய தம்பி கிளிநொச்சியில் இருக்கிறார். தங்கை திருச்சியில் இருக்கிறாள். மூவரும் ஒரு லயத்தில், ஒரு தாய் வயிற்றில் பிறந்தவர்கள். மூத்தவர் இலங்கைப் பிரசை. தம்பியும் இலங்கைப் பிரசை. தங்கை எந்த நாட்டுக்கும் பிரசை அல்லள்.

“அப்படின்னா அவள நான் பார்க்கலாமா?” என்று பெரியம்மா கேட்டார். அக்கேள்விக்கு விடை காண்பதற்காகவே அந்த ஆண்டு ஆகஸ்ட் விடுமுறையில் நாம் அவரை அழைத்துச் சென்றோம். அப்பயணத்தைப் பற்றியதே இக்கட்டுரை. விமானத்தில் கழிந்த ஒரு மணித்தியாலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

கேகாலையிலிருந்து திருச்சிக்குப் போக விரும்புகிறவன் பலாலிக்குப் போகவேண்டிய அவசியம் இல்லை என்பதை வாசகர்கள் உடனே சுட்டிக்காட்டுவார்கள். கட்டுநாயக்காவிலிருந்தும் திருச்சிக்கு விமானம் உண்டு. நமக்கு அதுவே கிட்ட. ஆனால் பெரியம்மா தம்பியையும் பார்த்துவிட்டுப் போகவேண்டும் என்றார். இருவரையும் ஒரே பயணத்தில் பார்த்தால் ஒரு பயணத்துச் செலவு மிச்சம் என்பது அவர் கணக்கு. தோட்டத்தில் ஒரு நாள் வேலையை ‘ஒரு பேர்’ என்று சொல்வார்கள். 2024 செப்டெம்பரில் நீண்ட போராட்டங்களுக்குப் பின் ஒரு பேருக்கான அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா என்றானது. அதற்கு முன் 2021 இலிருந்து அது 1,000 ரூபாவாகவே இருந்தது. விமானச் சீட்டு, கடவுச்சீட்டு, விசா, பஸ், சாப்பாடு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்த பெரியம்மாவின் மகள், “ரெண்டு மாசத்துப் பேரு” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாள். கிலோமீற்றரில் அளப்பதைவிட இந்த அளவையே நமக்குச் சரியானதாகத் தோன்றுகிறது. நமது புவியியல் பாடநூல்களிலும் இதைச் சேர்க்கலாம்.

விசா விண்ணப்பத்தைக் கேகாலை நகரில் ஒரு கடையிலுள்ள கணினியில் இருந்து நிரப்பினோம். தந்தை எங்கே பிறந்தார், அவருடைய நாட்டுரிமை என்ன, அதற்கு முன் அவருக்கிருந்த நாட்டுரிமை என்ன என்றெல்லாம் அது கேட்டது. கடைக்காரப் பையன் அவசரப்பட்டான். நாம் விரலை விசைப்பலகையில் வைத்தவாறு பெரியம்மாவைப் பார்த்தோம்.

“அப்பா முசிறிப் பக்கம். சின்னப் பிள்ளையா வந்தாரு” என்றார்.

“நாட்டுரிமை?”

“அதெல்லாம் அவருக்கு ஏது தம்பி? கையில இருந்தது துண்டு மட்டுந்தான்.”

முசிறி திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்தது. இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் திரட்டுவதற்கென 1904 ஆம் ஆண்டு துரைமார் சங்கம் நிறுவிய தொழிலாளர் ஆணையகத்தின் தலைமையகம் இருந்ததும் திருச்சிராப்பள்ளியிலேதான். திருச்சி, சேலம், மதுரை, தஞ்சாவூர், இராமநாதபுரம், புதுக்கோட்டை ஆகிய பகுதிகளின் வரண்ட கிராமங்களுக்குக் கங்காணிகள் அங்கிருந்து அனுப்பப்பட்டார்கள். தோட்டத்தின் எண் பொறித்த தகர வில்லை ஒன்று தொழிலாளியின் கையில் கொடுக்கப்படும். அதைக் காட்டினால் இரயிலிலும் கப்பலிலும் பணம் கேட்கமாட்டார்கள்; அந்தப் பணம் பின்னர் அவன் கணக்கில் கடனாக ஏறிக்கொள்ளும். இன்று விமான நிலையத்தில் கைத்தொலைபேசியில் ஒரு சதுரக் குறியைக் காட்டிவிட்டு உள்ளே போகிறோம். கடனில் சீட்டு வாங்கியவர்கள் இன்றும் உண்டு. பெரியம்மாவின் மகளும் சங்கத்தில் கடன் எடுத்தே தாய்க்குச் சீட்டு வாங்கினாள்.

பெரியம்மாவின் தந்தை 1920களில் ஒரு கங்காணியோடு வந்தவர். மண்டபம் முகாமில் சில நாள் தடுத்து வைக்கப்பட்டு, மருந்து நீரில் குளிப்பாட்டப்பட்டு, தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி, அங்கிருந்து இரயிலில் பொல்காவலைக்கு வந்து, பிறகு நடந்தே தோட்டத்துக்குச் சேர்ந்தாராம். முசிறியிலிருந்து லயத்துக்கு எட்டு நாள் என்று அவர் சொல்வது வழக்கம். அவருக்கு முந்திய தலைமுறையினருக்கு அந்த இரயிலும் இல்லை. 1914 இலேதான் தலைமன்னார்ப் பாதை திறக்கப்பட்டது. கோப்பிக் காலத்தவர்கள் மன்னாரில் கரையேறி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக ஏறத்தாழ 150 மைல் காட்டுப் பாதையில் மாத்தளைக்கு நடந்தார்கள். வாந்திபேதியிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்களின் எண்ணிக்கையை எந்தத் தோட்டமும் தன் புத்தகத்தில் சரியாக எழுதிவைக்கவில்லை. தோட்டத்துக்கு வந்து சேராதவன் பேருக்குச் சம்பளம் இல்லை அல்லவா?

நாம் புறப்பட்ட நாளில் காலை நாலரை மணிக்கு லயத்தை விட்டு இறங்கினோம். தோட்டத்துக்குள் பஸ் கிடையாது. மலைச்சரிவில் மூன்று கிலோமீற்றர் நடந்தால்தான் பஸ் பாதை. மழைக்காலமாக இருந்தால் அந்தப் பாதையையும் நம்ப முடியாது. 2016 மே மாதத்தில் அரநாயக்கவில் மலை சரிந்து கிராமங்கள் புதைந்தபோது, நமது மாவட்டத்தின் பல பாதைகள் நாட்கணக்கில் மூடிக்கிடந்தன. நல்ல வேளையாக அன்று வானம் தெளிவாக இருந்தது. புலத்கொஹுபிட்டிய வழியாகக் கேகாலைக்கு வந்து, அங்கிருந்து பொல்காவலை, குருணாகல் என்று பஸ் மாறி மாறிச் சென்றோம். கேகாலையிலிருந்து பலாலி வரை பாதை வழியே ஏறத்தாழ 350 கிலோமீற்றர். பெரியம்மா ஜன்னலோரத்தில் அமர்ந்து ஒவ்வோர் ஊரின் பெயரையும் நம்மிடம் கேட்டறிந்துகொண்டார். தம்புள்ளையைத் தாண்டி, பெயர்ப்பலகையில் மதவாச்சி என்று கண்டதும், “இது அப்பா சொல்ற ஊரு” என்றார். மன்னாரிலிருந்து வரும் பாதை அங்கேதான் வந்து சேர்கிறது. தந்தை தெற்கே வந்த வழியில் மகள் வடக்கே போய்க்கொண்டிருந்தார். பஸ் அங்கே பத்து நிமிடம் நின்றது. பெரியம்மா இறங்கவில்லை.

அந்த நேரத்தில் நமது நினைவு வேறொரு பயணத்தின்மீது சென்றது. 1964 ஆம் ஆண்டு அக்டோபர் 30 ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். நாடற்றவர்கள் என்று கணக்கிடப்பட்ட 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிகுதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்வது என்று முடிவாயிற்று. பின்னர் 1974 இல் அந்த மிகுதியையும் இந்திரா காந்தியோடு பாதிக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஏழு பேரை அனுப்பினால் நாலு பேருக்கு இங்கே பிரசாவுரிமை என்ற விகிதத்தில் காரியம் நடந்தது. சந்தையில் எருமைகளைப் பிரித்துக் கொடுப்பவர்கள்கூட எந்தத் தாய்க்கு எந்தக் கன்று என்று பார்ப்பார்கள். அந்த மக்களிடம் எவரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்குப் போன இரயிலுக்கு ஜனங்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரை எந்தக் கால அட்டவணையிலும் காண முடியாது. கேகாலைப் பக்கத்தவர்கள் பொல்காவலையில் நின்று அதில் ஏறினார்கள். 1984 இல் கப்பல் நின்றுபோகும்வரை இது தொடர்ந்தது.

இவ்விடத்தில் இடதுசாரிகளாகிய நாம் நம்மைப் பற்றியும் சிறிது பேசியாக வேண்டும். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் பாராளுமன்றத்தில் வந்தபோது அதனை எதிர்த்து நின்றவர்களுள் சமசமாஜக் கட்சியினர் முக்கியமானவர்கள். கலாநிதி என். எம். பெரேரா அப்போது நமது மாவட்டத்து ருவான்வெல்லையின் பிரதிநிதி. 1934–35 மலேரியாக் கொள்ளைநோய்க் காலத்தில் நமது கிராமங்களில் மருந்தும் பருப்பும் கொண்டு திரிந்து மக்களின் அன்பைப் பெற்றவர்களுள் ஒருவர். பின்னர் எட்டியாந்தோட்டையின் பிரதிநிதியும் அவரே. ஆனால் 1964 அக்டோபரில் ஒப்பந்தம் கைச்சாத்தானபோது, அதைச் செய்த அமைச்சரவையில் நிதியமைச்சராக இருந்தவரும் அவரே. எட்டியாந்தோட்டைத் தொகுதிக்குள் வாக்குரிமை இல்லாத பல்லாயிரம் தொழிலாளர்கள் அன்று பால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். வாக்குள்ளவனுக்கும் வாக்கில்லாதவனுக்கும் இடையே உள்ள தூரத்தை ஓர் இயக்கம் எவ்வளவு விரைவில் கடந்து மறுபுறம் போய்விடுகிறது! அவர் செய்த நன்மைகளை மறக்கும்படி நாம் சொல்லவில்லை. பெரியம்மாவின் வீட்டில் அவருடைய படம் பல ஆண்டுகள் சுவரில் இருந்தது. 1964 க்குப் பின் அது எப்போது கழற்றப்பட்டது என்று யாருக்கும் நினைவில்லை.

பெரியம்மாவுக்குப் பிரசாவுரிமை கிடைத்தது 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே. அப்போது அவருக்கு முப்பத்தேழு வயது. பிறந்த மண்ணில் முப்பத்தேழு ஆண்டு அந்நியராக இருந்திருக்கிறார். அதற்குள் குடும்பம் சிதறிவிட்டது. 1977 ஆகஸ்டில் நடந்த வன்செயலில் லயங்கள் தாக்கப்பட்டன. சப்பிரகமுவவிலிருந்தும் மலைநாட்டிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓடினார்கள். காந்தீயம் போன்ற அமைப்புகள் அவர்களுக்குக் காடு வெட்டிக் குடியேற உதவின. தம்பி பதினாறு வயதுத் தங்கையையும் அழைத்துக்கொண்டு போய்விட்டார். பெரியம்மாவுக்கு அப்போது கைக்குழந்தை. கணவர் தோட்டத்தை விட்டு வர மறுத்தார். 1983 ஜனவரியில் தம்பியின் கல்யாணத்துக்குக் கிளிநொச்சிக்குப் போனபோதே பெரியம்மா தங்கையைக் கடைசியாகப் பார்த்தது. 1990 இல் மீண்டும் யுத்தம் மூண்டபோது, தங்கை கணவனோடும் ஒரு குழந்தையோடும் மன்னார்க் கரையிலிருந்து படகேறி இராமேஸ்வரத்தில் இறங்கினாள். பாட்டன்மாரைத் தடுத்து வைத்த அதே மண்டபத்தில் பேத்தியையும் பதிந்தார்கள். பிறகு திருச்சிக்கு அனுப்பினார்கள். கொட்டப்பட்டு முகாம் என்று அதற்குப் பெயர். அது திருச்சி விமான நிலையத்துக்கு மிக அருகில் இருக்கிறது.

பஸ் கிளிநொச்சிக்குச் சேர்ந்தபோது மாலை ஐந்தரை. மாமா பாதையோரத்தில் காத்து நின்றார். அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்ததும் அழவில்லை. “பஸ்ஸில சாப்பிட்டியா?” என்று அவர் கேட்டார், “சாப்பிட்டேன்” என்று இவர் சொன்னார். 2009 இல் அந்தக் குடும்பம் எவ்வழியாக எங்கே போய் மீண்டது என்பதை மாமா இரண்டு நாளும் பேசவில்லை, நாமும் கேட்கவில்லை. புறப்படுகையில் தங்கைக்கென்று ஒரு பை தேங்காயும் முருங்கைக்காயும் கொண்டுவந்து வைத்தார். விமானத்தில் நிறைக் கணக்கு உண்டு என்று விளங்கப்படுத்தி, ஒரு தேங்காயை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

பலாலியைப் பற்றிச் சில சொற்கள். இரண்டாம் உலக யுத்தத்தின்போது பிரித்தானியர் போர்த்தேவைக்கென அமைத்த ஓடுபாதை அது. 1947 டிசம்பர் 10 ஆம் திகதி எயர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணத்தில் இறங்கிச் சென்னைக்குப் பறந்தது. காலையில் கொழும்பில் இருப்பவன் பிற்பகலில் சென்னையில் இருக்கலாம் என்று அன்று கனவான்கள் மகிழ்ந்திருப்பார்கள். அடுத்த ஆண்டு நவம்பர் 15 ஆம் திகதி பிரசாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இந்த இரண்டு திகதிகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் வழக்கம் நமது சரித்திரப் பாடத்தில் இல்லை. ஒரே ஆண்டுக்குள் கடல் ஒருவனுக்குச் சுருங்கிற்று, இன்னொருவனுக்கு விரிந்தது.

1990 இல் பலாலியைச் சுற்றியிருந்த வலிகாமம் வடக்கு மக்கள் வெளியேற்றப்பட்டு அவர்களுடைய வயல்களும் வீடுகளும் பாதுகாப்பு வலயமாயின. அவர்களுள் பலர் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் சொந்தக் காணிக்குத் திரும்பவில்லை. யுத்த காலத்தில் தரைப்பாதை மூடப்பட்டபோது, இரத்மலானைக்கும் பலாலிக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 330 கிலோமீற்றரைப் பறந்து கடப்பதே பலருக்கு வழி. 1998 செப்டெம்பர் 29 ஆம் திகதி பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயர் விமானம் மன்னார்க் கடலில் விழுந்து 55 பேர் மாண்டனர். அந்நிலையம் 2019 அக்டோபர் 17 ஆம் திகதி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. கொள்ளைநோயால் நின்ற சென்னைச் சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கிற்று. பேருந்தில் போகும்போது இரு மருங்கிலும் கூரையில்லாத வீடுகளைப் பெரியம்மா பார்த்தார். “இவங்களையும் அனுப்பிட்டாங்களா?” என்று கேட்டார். ஆம் என்றோம்.

விமானத்தில் பெரியம்மாவுக்குப் பயம் இல்லை. வெண்மையாகக் கீழே கிடந்த மேகத்தை, “மழைக்காலத்துல நம்ம மேட்டு லயத்திலயிருந்து பார்த்தா இப்படித்தான்” என்றார். கடல் தெரிந்தது, சற்று நேரத்தில் மறுகரை தெரிந்தது. கடிகாரத்தைத் திருப்பவேண்டுமா என்று கேட்டார். வேண்டாம், 2006 ஏப்ரலிலிருந்து இரு நாடுகளுக்கும் மணி ஒன்றுதான். அறுபது நிமிடத்துக்குச் சற்று முன்பாகவே இறங்கிவிட்டோம். 2024 இல் திறக்கப்பட்ட புதிய முனையம் மிகப் பெரியது; நமது எட்டியாந்தோட்டைக் கடைத்தெரு முழுவதையும் அதற்குள் வைத்துவிடலாம். குடிவரவு மேசையில் இருந்த இளைஞர் பெரியம்மாவின் கடவுச்சீட்டைப் புரட்டி, “முதல் தடவையா இந்தியாவுக்கு வரீங்களா பாட்டி?” என்று அன்போடு கேட்டார். பெரியம்மா என்ன சொல்வதென்று அறியாமல் நம்மைப் பார்த்தார்.

முகாமுக்குள் வெளியார் செல்வதற்கு அனுமதி வேண்டும். அனுமதி கேட்டு எந்த அலுவலகத்தின் வாசலில் நிற்பது என்று அலைவதைவிட, வெளியே சந்திப்பதே எளிது என்று சின்னம்மா முன்னரே தொலைபேசியில் சொல்லியிருந்தாள். அதனால், நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் அக்காவும் தங்கையும் ஒரு தேநீர்க்கடையின் பின்புறத்து வாங்கில் சந்தித்தார்கள். சின்னம்மாவுக்கு அறுபத்துநாலு வயது. பார்ப்பதற்கு அக்காவைவிட மூத்தவள்போல் இருந்தாள். அங்கே அவர்களைச் ‘சிலோன்காரங்க’ என்கிறார்கள். இங்கே அதே குடும்பத்தை ஒரு காலத்தில் ‘கள்ளத்தோணி’ என்றார்கள். சின்னம்மா இப்போது ‘மணித்தியாலம்’ என்று சொல்வதில்லை. ‘மணி நேரம்’ என்றாள். ஆனால் தேநீரை வாயில் வைத்ததும், “தூளா இது? நம்ம இஸ்டோர்ல கூட்டி அள்ளுற குப்பை” என்றாள். இருவரும் அப்போதுதான் சிரித்தார்கள். பெரியம்மா தேங்காயை எடுத்து அவள் மடியில் வைத்தார்.

பேசிக்கொண்டிருக்கையில் தலைக்கு மேலே ஒரு விமானம் தாழ்ந்து போயிற்று. சின்னம்மா நிமிர்ந்து பார்க்காமலே, “இது சிங்கப்பூர் போறது” என்றாள். முப்பத்தைந்து ஆண்டுகளாக அந்த ஒலிகளைக் கேட்டு, எது எங்கே போகிறது, எது எப்போது வரும் என்று முகாமிலுள்ள குழந்தைகளுக்கும் தெரியுமாம். யாழ்ப்பாணத்து விமானம் புதிதாக வந்தபோது எல்லோரும் வெளியே வந்து பார்த்தார்களாம். அதில் ஏறிப் போக அவளுக்கு வழியில்லை. கடவுச்சீட்டு இல்லை, எந்த நாட்டிடம் கேட்பது என்பதும் தெளிவில்லை. அவளுடைய இரண்டு பிள்ளைகள் திருச்சியில் பிறந்தவர்கள். எனினும் 1987 க்குப் பின் இந்தியாவில் பிறந்த பிள்ளைக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியப் பிரசையாக இருந்தாலொழியப் பிரசாவுரிமை இல்லை என்பது சட்டம். 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, முகாம்களிலுள்ள இந்திய வம்சாவளியினரின் விண்ணப்பங்களைப் பரிசீலிக்குமாறு வழிகாட்டிற்று. அதே ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாக்கிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளை மட்டுமே குறிப்பிட்டது. தமிழ்நாடு அரசு 2021 இல் அகதி முகாம்களை ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றியது. வீடுகள் சிலவும் திருத்தப்பட்டன. நாம் திரும்பிய பின், 2025 செப்டெம்பரில், 2015 ஜனவரி 9 க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழ் அகதிகளைக் கடவுச்சீட்டில்லாக் குற்றத்துக்கான தண்டனையிலிருந்து இந்திய மத்திய அரசு விலக்கிற்று. இவ்வளவும் நல்லனவே. ஆனால் இவற்றில் எதுவும் சின்னம்மாவை அந்த விமானத்தில் ஏற்றவில்லை.

மூன்று நாள் அங்கே தங்கினோம். ஒவ்வொரு நாளும் அதே வாங்கில் சந்திப்பு. கணக்கெடுப்புக்கு நேரமாயிற்று என்றால் சின்னம்மா எழுந்து போய்விடுவாள். கடைசி நாளில் அவள் ஒரு பழைய கடிதவுறையைக் கொண்டுவந்து நம் கையில் தந்தாள்.

“தம்பி, நீங்க படிச்சவங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு செய்யணும். என் பொறந்த சர்டிபிகேட் வேணும். இந்த நாட்டுக்கு எழுதினாலும் அதான் கேக்கறாங்க. அந்த நாட்டுக்கு எழுதினாலும் அதான் கேக்கறாங்க. தொண்ணூறுல படகுல எல்லாம் போயிருச்சு.”

உறைக்குள் ஒரு துண்டுக் காகிதம். அதில் தோட்டத்தின் பெயர், பிரிவு, தந்தையின் பெயர், தாயின் பெயர். பிறந்த ஆண்டு 1961 என்றும், மாதம் ‘மாசி அல்லது பங்குனி’ என்றும் எழுதியிருந்தது. விமான நிலைய வாசல் வரைக்கும் அவள் வந்தாள். சீட்டில்லாதவர் அதற்கு மேல் போகக்கூடாது. பெரியம்மா உள்ளே போகும்வரை திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தார். விமானம் மேலெழுந்தபோது முகாம் எந்தப் பக்கம் என்று நம்மிடம் கேட்டார். நாம் ஒரு பக்கத்தைக் காட்டினோம். சரியான பக்கம்தானா என்பது நமக்கும் தெரியாது.

பலாலியில் இறங்கியதிலிருந்து லயத்துக்கு வந்து சேர மறுநாள் மாலையாயிற்று.

அடுத்த வாரமே நாம் அந்தக் காகிதத்தோடு நமது மாவட்டத்தில் ஓர் அலுவலகத்துக்குச் சென்றோம். அந்தக் காலத்தில் தோட்டங்களில் நிகழும் பிறப்புகளைத் தோட்டத்துரையே அறிவிப்பார். அவருடைய கணக்கப்பிள்ளை காதில் விழுந்தபடி பெயரை எழுதி அனுப்புவார். அங்கிருந்த எழுதுவினைஞர் பொறுமையான பெண்மணி. 1961 ஆம் ஆண்டுப் புத்தகத்தை எடுத்துவந்து நம்மோடு சேர்ந்து பக்கம் பக்கமாகப் பார்த்தார். பெப்ரவரியில் ஒரு பெண் குழந்தை. தோட்டம் சரி, பிரிவு சரி, தாயின் பெயர் சரி. தந்தையின் பெயர் வேறு எழுத்தில், வேறு பெயராகவே இருந்தது. குழந்தையின் பெயர் எழுதும் இடத்தில் ஒன்றும் இல்லை.

இதைத் திருத்துவதற்குத் தாயோ தந்தையோ வந்து சத்தியக் கடதாசி கொடுக்கவேண்டும் என்றார். இருவரும் இல்லை என்றோம். அப்படியானால் மூத்த சகோதரி ஒருவர் தமது பிறப்புச் சாட்சிப்பத்திரத்தோடு வரலாம், மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். பெரியம்மாவின் சாட்சிப்பத்திரத்தில் தந்தையின் பெயர் மூன்றாவது விதமாக எழுதப்பட்டிருக்கிறது. அதையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். லயத்திலிருந்து அந்த அலுவலகத்துக்கு, பஸ் ஒழுங்காகக் கிடைத்தால், இரண்டரை மணித்தியாலம். செவ்வாய்க்கிழமை பெரியம்மாவையும் அழைத்துக்கொண்டு மறுபடியும் போகிறோம்.